துணையும் உடன்படிக்கையும்: தற்காப்புச் செய்திகளின் தமிழ்



மொழியியல் பயின்ற ஒருவன் போர் விமானங்களையும் போர்க்கப்பல்களையும் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவற்றின் இயந்திர நுட்பம் என் துறையன்று. ஆயினும் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் விமானம் வாங்குகிறது, இரு நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து பயிற்சி செய்கின்றன என்னும் செய்தி நம்மிடம் சொற்களாகவே வந்து சேர்கிறது. சொல் பிழைத்தால் செய்தி பிழைக்கிறது. தற்காப்புச் செய்தியில் அப்பிழை, நம் நாடு யாருக்கு எதற்குக் கடமைப்பட்டிருக்கிறது என்பதையே மாற்றிச் சொல்லிவிடும். இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நாம் கூடியிருக்கும் ஜாலான் புசார் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். 'பெரிய சாலை' என்று பொருள்படும் இம்மலாய்ப் பெயரைச் சூழ்ந்து நிற்கும் சிறு சாலைகளின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். கிச்சனர், ஜெலிக்கோ, பீட்டி, டிர்விட், ஃபோஷ், பெடேன், வெர்டன். இவை முதல் உலகப் போரில் நேச நாடுகளின் தரப்பில் நின்ற தளபதிகளின் பெயர்களும் போர்க்களத்தின் பெயரும் ஆகும். 1916இல் ஜட்லாந்து கடற்போரில் ஜெலிக்கோவும் பீட்டியும் நடத்திய பிரிட்டிஷ் கப்பற்படையில் 'மலாயா' என்னும் பெயருடைய போர்க்கப்பலும் இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம் பணம் கொடுத்துக் கட்டுவித்து பிரிட்டனுக்கு அளித்த கப்பல் அது. அம்மாநிலங்களின் ஈயச் சுரங்கங்களில் சீனரும் ரப்பர்த் தோட்டங்களில் தமிழரும் பெருந்தொகையாக உழைத்த காலம் அது. ஆகவே, போர்க்கப்பல் வாங்குவது என்னும் செய்தி இவ்வட்டாரத்துக்கும் நம் முன்னோருக்கும் அயலானதன்று.

இச்சாலைப் பெயர்கள் இன்னொன்றையும் கற்பிக்கின்றன. வெர்டனைக் காத்த வீரராகப் போற்றப்பட்ட பெடேன், 1940இல் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் தலைவரானார். 1915 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் சிப்பாய்க் கலகம் மூண்டபோது, அதை அடக்க பிரிட்டனுக்குத் துணைவந்த கப்பல்களுள் பிரான்சு, ரஷ்யா ஆகியவற்றின் கப்பல்களோடு ஜப்பானியப் போர்க்கப்பல்களும் இருந்தன. அன்று ஜப்பான் நேச நாடு. சரியாக 27 ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது ஜப்பானியப் படையிடம். 'நேசம்' என்னும் சொல் அன்பைக் குறிப்பது. அரசியலில் அதற்கு ஆயுட்காலம் உண்டு என்பதை இவ்விரு நாள்களும் காட்டுகின்றன.

நம் இலக்கியம் இதில் தெளிவாகவே இருந்தது. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம், தன் வலிமையையும் துணையாக வருவோரின் வலிமையையும் வேறு வேறாக எடை போடச் சொல்கிறது. யாரோடு நட்புக் கொள்வது என்பதை ஆராய்வதற்கென்றே 'நட்பாராய்தல்' என்னும் தனி அதிகாரம் இருக்கிறது. துணைக்குத் தரம் உண்டு, அளவு உண்டு என்னும் அறிவு அங்கே இருக்கிறது. இன்றைய தமிழில் அத்தரங்களைக் காட்டும் சொற்களை நாம் வேறுபடுத்திப் பயன்படுத்துகிறோமா என்பதே என் கேள்வி.

முதலில் 'கூட்டணி'. 1949இல் உருவான நேட்டோ ஒரு கூட்டணி. அதன் உடன்படிக்கையின் ஐந்தாம் விதி, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை அனைத்து நாடுகளின் மீதான தாக்குதலாகக் கொள்கிறது. நம் வட்டாரத்தில் அமைந்த ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு அத்தகையதன்று. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கிலிருந்து தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாக பிரிட்டன் 1968இல் அறிவித்த பின்னர், 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்தும் கூடி அதனை அமைத்தன. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால், அல்லது அத்தகைய அச்சுறுத்தல் எழுந்தால், கூட்டாகவோ தனித்தனியாகவோ என்ன செய்வது என்று ஐவரும் உடனே கலந்தாலோசிப்பர் என்பதே அதன் சாரம். வந்து போரிடுவோம் என்னும் வாக்குறுதி அதில் இல்லை.

கலந்தாலோசிப்பது வேறு, போருக்கு வருவது வேறு. ஆகையால்தான் அதற்கு 'ஏற்பாடு' என்னும் அடக்கமான பெயர் அமைந்தது. அதனைக் 'கூட்டணி' என்றோ 'இராணுவ உடன்படிக்கை' என்றோ எழுதுபவர் ஆவணத்தில் இல்லாத உறுதிமொழி ஒன்றை நான்கு நாடுகளின் தலையில் ஏற்றிவிடுகிறார். தமிழ்நாட்டுத் தேர்தல் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்குக் 'கூட்டணி' என்றதும் தொகுதிப் பங்கீடும், அடுத்த தேர்தலில் பிரிவதும் நினைவுக்கு வரும் என்பது வேறொரு சங்கடம்.

அடுத்து, அமெரிக்காவோடு நமக்குள்ள உறவு. 1990இல் கையெழுத்தான புரிந்துணர்வுக் குறிப்பின்படி, சிங்கப்பூரின் ஆகாயத் தளத்தையும் கடற்படை வசதிகளையும் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அது 2019இல் புதுப்பிக்கப்பட்டது. இதனை 'சிங்கப்பூரில் அமெரிக்கத் தளம்' என்று எழுதுவது பிழை. தளம் நம்முடையது, பயன்படுத்தும் இசைவு மட்டுமே அவர்களுக்கு. வீட்டுக்காரர் ஒருவர் அண்டை வீட்டாரைத் தம் முற்றத்தில் வண்டி நிறுத்திக்கொள்ளச் சொன்னால், முற்றம் அண்டை வீட்டாருடையது ஆகிவிடாது.

2005இல் இரு நாடுகளும் உத்திபூர்வக் கட்டமைப்பு உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அதில் சிங்கப்பூர் 'முக்கியப் பாதுகாப்பு ஒத்துழைப்புப் பங்காளி' எனப்பட்டது. பிலிப்பீன்சும் தாய்லாந்தும் அமெரிக்காவின் உடன்படிக்கைவழி நேச நாடுகள். சிங்கப்பூருக்கு வழங்கப்பட்டது வேறு பெயர். அவ்வேறுபாடு தற்செயலன்று, நம் வெளியுறவுக் கொள்கையே அதில் அடங்கியிருக்கிறது. செய்தியாளர் ஒருவர் அவசரத்தில் 'அமெரிக்காவின் நேச நாடான சிங்கப்பூர்' என்று எழுதினால், அரசாங்கம் கவனமாக ஏற்றுக்கொள்ளாத ஒரு நிலையைத் தமிழ் வாசகருக்கு மட்டும் அறிவித்துவிடுகிறார்.

இங்கே 'பங்காளி' என்னும் சொல்லையும் சற்று ஆராய வேண்டும். பங்கை ஆள்பவர் பங்காளி. ஆனால் நம் குடும்ப வழக்கில் அது தந்தைவழி உறவினரைக் குறிக்கும். சொத்துப் பிரிவினையில் எதிரெதிரே நிற்பவரையும் குறிக்கும். 'பங்காளிக் காய்ச்சல்' என்னும் வழக்கை அறிந்த பாட்டி ஒருவர், 'அமெரிக்கா நம் பங்காளி' என்று வானொலியில் கேட்டால் புன்னகை செய்வார். சிங்கப்பூர்த் தமிழ் இச்சொல்லுக்குப் புதுப்பொருளை ஏற்றி நிலைபெறச் செய்துவிட்டது. அதனை நான் குறைகூறவில்லை. எனினும் 'ஒத்துழைப்பு' என்னும் அடையைச் சேர்த்து எழுதினால் பொருள் மயக்கம் நீங்கும்.

இனி, வாங்குதலைப் பற்றிப் பேசுவோம். ஆயுதம் வாங்கும்போது சொல்லும் உடன்வருவது பழைய வழக்கம். ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்னும் பாரசீகச் சொல்லே நம்மிடம் 'பீரங்கி' ஆயிற்று. விற்றவரின் பெயர் பொருளின் பெயராக நின்றுவிட்டது. நாமும் கொடுத்திருக்கிறோம். நம் 'கப்பல்' மலாய் மொழியில் 'காப்பால்' ஆனது. மலாயில் போர்க்கப்பல் 'காப்பால் பெராங்', நீர்மூழ்கி 'காப்பால் செலாம்', விமானம் 'காப்பால் தெர்பாங்', அதாவது பறக்கும் கப்பல். நாம் கொடுத்த ஒரு சொல் அண்டை மொழியில் கடலிலும், கடலடியிலும், வானிலும் செல்கிறது.

இன்று வாங்குதலைக் குறிக்கச் சிலர் 'கையகப்படுத்துதல்' என்று எழுதுகின்றனர். அச்சொல் அரசு நிலத்தை எடுத்துக்கொள்வதற்கே பொருந்தும். விலைகொடுத்து வாங்குவதற்கு 'கொள்முதல்' என்னும் நல்ல சொல் இருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், கொள்முதலின் படிநிலைகளை ஒன்றாகக் குழப்புவதில் இருக்கிறது. எஃப்-35 விமானங்களை எடுத்துக்கொள்வோம். 2020இல் 12 எஃப்-35பி விமானங்கள் வரை விற்க அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. சிங்கப்பூர் உறுதியாக வாங்க முன்வந்தவை 4; மேலும் 8 விமானங்களை விரும்பினால் வாங்கிக்கொள்ளும் விருப்புரிமையைப் பெற்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்தப்போவதாக 2023இல் அறிவித்தது. 2024இல் எஃப்-35ஏ வகையில் 8 விமானங்கள் வாங்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது. ஆக மொத்தம் 20. 2020இலேயே '12 விமானங்களை வாங்கியது' என்று எழுதியிருந்தால், விற்பவரின் ஒப்புதலை வாங்குபவரின் முடிவாக மாற்றியதாகும்.

கப்பலிலும் இப்படியே. 'இன்வின்சிபிள்' வகை நீர்மூழ்கிகளுள் முதலிரண்டுக்கு 2013இல் ஜெர்மானிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. முதற்கப்பல் 2019 பிப்ரவரியில் கீல் நகரில் நீரில் இறக்கப்பட்டது. அது 'இம்பெக்கபிள்' கப்பலோடு பணியில் சேர்க்கப்பட்டது 2024 செப்டம்பரில். ஒப்பந்தத்துக்கும் பணியேற்புக்கும் இடையே 11 ஆண்டுகள். நீரில் இறக்குதல், வெள்ளோட்டம், ஒப்படைப்பு, பணியேற்பு எனத் தமிழில் ஒவ்வொரு படிக்கும் தக்க சொல் இருக்கிறது. 'வெள்ளோட்டம்' தேருக்கும் கப்பலுக்கும் நம் முன்னோர் வழங்கிய சொல். இவை எல்லாவற்றையும் 'அறிமுகம்' என்னும் ஒரே சொல்லில் அடக்குவது நம் சோம்பல், மொழியின் வறுமையன்று.

வாங்கிய விமானத்தில் பயிலவும் பிற நாட்டின் வான்வெளி வேண்டும். சிறிய தீவு நம்முடையது. எனவே நம் ஆகாயப் படையினர் அமெரிக்காவின் ஐடஹோவிலும், ஆஸ்திரேலியாவின் பியர்ஸ், ஓக்கி தளங்களிலும், பிரான்சின் கசோவிலும் பயில்கின்றனர். இந்தியாவோடு 2007இல் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே மேற்கு வங்கத்தின் கலைகுண்டாவிலும் பயிற்சி நடைபெற்றிருக்கிறது. சிங்கப்பூர், இந்தியக் கடற்படைகளின் கூட்டுப் பயிற்சி 1994இல் தொடங்கியது. இவை யாவும் ஒத்துழைப்பு. போர்க்காலக் கடமையை இவை தாமாக உண்டாக்குவதில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். 2025ஆம் நிதியாண்டில் சிங்கப்பூர் தற்காப்புக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 2,340 கோடி வெள்ளி. 1967 முதல் தேசிய சேவை நடப்பிலிருக்கிறது. இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்கள் இன்னும் சில ஆண்டுகளில் சீருடை அணிவார்கள். அவர்களுடைய பெற்றோருள் தமிழில் மட்டுமே செய்தி அறிவோர் இன்றும் உள்ளனர். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாடாளுமன்றத்தில் பேசப்படும் மொழி. தம் மகன் எதற்காகப் பயிற்சி பெறுகிறான், எவருடைய போரில் நம் நாடு சேரக் கடமைப்பட்டிருக்கிறது, எதில் கடமைப்படவில்லை என்பதை ஆங்கிலம் படிப்பவர் அறியும் அதே துல்லியத்தோடு தமிழ் படிப்பவரும் அறிய வேண்டும். அத்துல்லியம் இல்லையேல் ஆட்சிமொழி என்னும் தகுதி அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும்.

நம் சிங்கப்பூர்த் தமிழ் இதற்கு ஏற்ற அடித்தளத்தை ஏற்கெனவே இட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 'பாதுகாப்பு அமைச்சகம்' என்பர். நாம் 'தற்காப்பு அமைச்சு' என்கிறோம். பாதுகாப்பை யாரும் யாருக்கும் அளிக்கலாம். தற்காப்பு தன்னைத் தானே காப்பது. 1984இல் அறிமுகமான முழுமைத் தற்காப்பும், ஆண்டுதோறும் பிப்ரவரி 15இல் அதனை நினைவுகூர்வதும் இப்பொருளையே வலியுறுத்துகின்றன. துணை எவ்வளவு இருப்பினும் முதற்பொறுப்பு தன்னுடையது என்பதை 'தற்காப்பு' என்னும் ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பு வகுப்பில் தற்காப்புச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இச்செய்தியில் யார் யாருக்கு என்ன உறுதி அளித்தார்? அளிக்காதது எது? கொள்முதல் எந்தப் படியில் நிற்கிறது? அவற்றுக்கு விடை கண்ட பிறகு சொல்லைத் தேடச் சொல்லுங்கள். உடன்படிக்கை, உடன்பாடு, ஏற்பாடு, புரிந்துணர்வுக் குறிப்பு ஆகிய நான்கும் ஒரு பொருட்பன்மொழி அல்ல என்பதை அவர்கள் தாமே உணர்வார்கள். மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் செய்தியாளராகலாம், மொழிபெயர்ப்பாளராகலாம், படைவீரராகலாம். எதுவாயினும், நாட்டின் வாக்குறுதியைச் சொல்லும் இடத்தில் ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.