கறள் எங்கே பிடிக்கிறது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்றைய சிந்தனைக்காக ஒரு பழைய காரின் கதையை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அது என் வாப்பாவின் மொரிஸ் மைனர். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்யப்பட்ட வாகனம் அது. நமது நாட்டில் ஒரு காலத்தில் வைத்தியர்களும் ஆசிரியர்களும் வியாபாரிகளும் விரும்பி வைத்திருந்தார்கள். இன்றும் சிலர் அதனைப் பிள்ளையைப் போலப் பேணி வருகின்றார்கள்.

வாப்பா அதனை 1980களில் வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை அதனைக் கழுவித் துடைத்து, மெழுகு பூசி மினுக்கிய பின்னரே ஜும்ஆவுக்கு ஆயத்தமாவார். ஊரில் எவரும் அந்தக் காரில் ஒரு கீறலைக்கூடக் கண்டதில்லை. வருவோர் போவோரெல்லாம், “நேற்று வாங்கியது போல இருக்கிறதே!” என்று வியப்பார்கள்.

கடந்த ஆண்டு, தங்கைக்காகக் கட்டிவந்த வீட்டின் கூரை வேலைக்குப் பணம் தேவைப்பட்டது. வாப்பா மனதைக் கல்லாக்கிக்கொண்டு காரை விற்கத் தீர்மானித்தார். வெளியூர் அன்பர் ஒருவர் வந்து பார்த்தார். வெளித்தோற்றத்திலேயே மனம் பறிகொடுத்து நல்ல விலையும் பேசினார். கொடுப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று காரைக் கராஜுக்குக் கொண்டு சென்றோம்.

டிங்கர் வேலை செய்யும் பாஸ் காரின் அடியில் படுத்து, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டியைத் திருகாணி முடுக்கியால் இலேசாகத் தட்டினார். ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்டது. சற்று அழுத்தினார், முடுக்கி உள்ளே போய்விட்டது. அந்தத் துவாரத்தினூடாகக் கபில நிறத் தூள் கொட்டியது. கறள்! அதனோடு கலந்து நுண்ணிய மணலும் கொட்டியது. பாஸ் அதனை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “மௌலவி, இது கடல் மணல்” என்றார்.

வாப்பாவின் முகம் வாடியது. எனக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வந்தது. அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது காரின் கதவுக்குக் கீழ்வரை நீர் ஏறியிருந்தது. நீர் வடிந்த பின் வாப்பா அதனை நன்னீரால் பல முறை கழுவினார். இருக்கைகளை வெயிலில் காயவைத்தார். எண்ணெய் முழுவதையும் மாற்றினார். வெளியே தெரிந்தவை அனைத்தும் சுத்தமாயின. மூடிய தகட்டுப் பெட்டிக்குள் தங்கிய உப்பும் மணலும் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

நேயர்களே! இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் கறள் உண்டாகிறது. உப்பு அந்தச் செயலை விரைவுபடுத்துகிறது. ஒரு புறம் கடலும் மறு புறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவியும் சூழ்ந்த நமது மட்டக்களப்புக் கரையில் காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. வாப்பா வாராவாரம் கழுவிய நீரும் அந்தப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அது வடிவதற்கென்று அடியில் விடப்பட்டிருந்த துவாரங்களைச் சேறும், பாதுகாப்புக்கென்று பூசிய கருநிறப் பூச்சுமே அடைத்துவிட்டிருந்தன. மொரிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. அதன் உடலே பாரத்தைத் தாங்குகிறது. எனவே அந்தப் பெட்டி உக்கிப்போனால் காரின் வலிமையே போய்விடும்.

அப்போது அருகில் நின்ற ஒருவர், “இதில் என்ன இருக்கிறது? புட்டி வைத்து, கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாங்குபவர் அடியில் படுத்தா பார்க்கப் போகிறார்?” என்றார்.

உண்மையைச் சொல்கின்றேன். மிம்பரில் ஏறி உங்களுக்கு உபதேசம் செய்யும் என் உள்ளமும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தங்கையின் கூரை கண்முன் நின்றது.

அந்தக் கணத்திலேயே ஸூரத்துல் முதஃப்பிஃபீன் நினைவுக்கு வந்தது. அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அது. மனிதர்கள் செய்துவந்த தீவினைகள் அவர்களது உள்ளங்களில் கறையாகப் படிந்துவிட்டன என்று அதன் 14ஆவது வசனம் உணர்த்துகின்றது. அந்தக் கறையைக் குறிக்கும் ‘ரான்’ என்ற சொல்லுக்கு உலமாக்கள் துருவை உவமையாகக் காட்டுவர். அந்த அத்தியாயம் எதனைக் கொண்டு தொடங்குகிறது தெரியுமா? அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோருக்கான எச்சரிக்கையைக் கொண்டு! கடைத்தெருவில் செய்யும் மோசடியைக் கண்டித்துத் தொடங்கும் அத்தியாயமே உள்ளத்தில் படியும் கறையையும் பேசுகின்றது.

சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். அவ்வாறே கடல் வந்தது எங்கள் குற்றமன்று. புட்டி வைத்து மூடியிருந்தால் அது எங்கள் குற்றமாகியிருக்கும்.

நான் வாய் திறக்கும் முன்பே வாப்பா, “மகன், அவருக்குப் போன் எடுங்கள். வந்து பார்க்கட்டும். இந்தக் காரில் அவர் பிள்ளைகளும்தானே போகப் போகிறார்கள்” என்றார்.

அவர் வந்தார். துவாரத்தில் தம் விரலையே விட்டுப் பார்த்தார். பேசிய விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். வாப்பா சம்மதித்தார். தங்கையின் வீட்டுக்கு அவ்வருடம் கூரை ஏறவில்லை. நேர்மைக்கு உடனே இரட்டிப்பாகக் கிடைத்தது என்று நான் உங்களுக்குக் கதை சொல்லப் போவதில்லை. நட்டம் நட்டம்தான். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பது நபிமொழி. அதனை நாம் நம்புகின்றோம்.

கறளை எப்படி நீக்குவது என்று பாஸிடம் கேட்டேன். “மேலே பூசிப் பயனில்லை. உக்கியதை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இரும்பு தெரியும் வரை சுரண்டி, புதுத் தகட்டை ஒட்ட வேண்டும்” என்றார். தவ்பாவும் இத்தகையதே. பாவத்தை விட்டுவிடுவதும், அதற்காக வருந்துவதும், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வதும், பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதனைத் திருப்பிக் கொடுப்பதும் அதன் நிபந்தனைகள். இவற்றை விட்டுவிட்டு வெளித்தோற்றத்தை மட்டும் அழகுபடுத்துவது கறளின் மேல் மெழுகு பூசுவதாகும்.

சகோதர சகோதரிகளே! வெள்ளிக்கிழமைதோறும் நாமும் குளித்து, வெள்ளை உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு பள்ளிக்குச் செல்கின்றோம். அது நல்லது, ஸுன்னத்தானது. ஆனால் என்றோ ஒரு நாள் உள்ளே புகுந்த உப்பு இன்னும் அங்கே கிடக்கிறதா? கொடுக்காமல் விட்ட கடன், சகோதரியின் பங்கிலிருந்து எடுத்த காணி, பேசாமல் விட்ட உறவு... இன்றிரவு உறங்குமுன் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைத் தட்டிப் பார்ப்போம். எந்த இடத்தில் ‘பொத்’ என்று கேட்கிறதோ, அந்த இடத்தில் வேலையை ஆரம்பிப்போம்.

வல்ல நாயன் நம் அனைவரது உள்ளங்களையும் கறை நீக்கித் தூய்மைப்படுத்துவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.