லண்டனிலிருந்து லண்டனுக்கு: இடையில் மூன்று ஆண்டுகள்



முதலாண்டு மாணவர்களிடம் 'தோல்வியிலிருந்து மீண்டெழுதல்' பற்றிப் பேசச் சொன்னார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் விரும்பிப் பேசும் தலைப்பு இது. அவர்கள் மேடைகளில் இப்போதெல்லாம் அம்பேத்கர் படமும் இருக்கிறது. விடாமல் படித்தார், உயர்ந்தார், நீயும் உயரலாம் என்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவரைத் தள்ளிவிட்டது யார், கை கொடுத்தது யார் என்ற இரண்டு கேள்விகளும் அதில் காணாமல் போய்விடுகின்றன. ஆகவே அவர் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகளை மட்டும் பார்ப்போம்.

1917. அவருக்கு வயது 26. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார். பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையின் காலம் முடிகிறது. ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். உலகப்போர் நேரம். வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய உடைமைகள், அந்தக் கப்பல் தாக்கப்பட்டதால் கடலுக்குள் போய்விடுகின்றன.

உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேருகிறார். அங்கே அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, தங்க ஓர் இடம். இந்து விடுதிகளில் சாதி தடுத்தது. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கினார். 11ஆம் நாள் பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதும்போது, கண்ணீரில்லாமல் அதை நினைக்க முடியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அழுதால் பலவீனம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, எப்படி மீண்டார்? 1918இல் பம்பாய் சைடனம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் தண்ணீர்ப் பானையில் சாதி இருந்தது. ஆனால் மாதாமாதம் சம்பளம் வந்தது. ராமாபாய் குடும்பத்தைச் சிக்கனமாக நடத்தியதால்தான் அதில் மிச்சம் பிடிக்க முடிந்தது. (அவர் பெயரை எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் சொல்வதில்லை.) கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா பண உதவி செய்தார். கொலம்பியாவில் உடன் தங்கிப் படித்த நண்பர் நவல் பாத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். பாத்தேனாவும் ஒரு பார்சிதான். தடியோடு வந்தவர்களும் பார்சிகள், கடன் கொடுத்தவரும் பார்சி. இதையும் மனதில் வையுங்கள்.

நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து ஆய்வைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. 1920இல் கப்பலேறினார். 1923இல் முனைவர் பட்டம். ஆய்வேடு ரூபாயின் பிரச்சினை பற்றியது.

அவருடைய மனஉறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உறுதிக்கு ஒரு சம்பளமும் ஒரு கடனும் ஒரு கால நீட்டிப்பும் தேவைப்பட்டன என்கிறேன். இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை கேட்டுப் போராடினார். 1944இல் அந்தத் திட்டம் வந்தது. இன்று நம்மில் பலர் விண்ணப்பிக்கிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் தொடக்கம் அதுதான்.

2016 ஜனவரியில் ஐதராபாத்தில் நாம் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருடைய ஆய்வு உதவித்தொகை பல மாதங்களாக வந்திருக்கவில்லை. விடுதி அறையிலிருந்தும் வெளியேற்றப்பட்டிருந்தார். பணம் நின்றது, தங்கும் இடம் போனது. பரோடாவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து! 'அந்தப் பையனுக்கு மனவலிமை போதவில்லை' என்று பேசுகிறவர்களிடம் நான் மனவலிமை பற்றி விவாதிப்பதில்லை. அந்த இரண்டையும் பற்றி மட்டும் கேட்கிறேன்.

உங்களில் யாருக்காவது பாடத்தில் அரியர் விழலாம், விடுதியில் யாராவது சாதி கேட்கலாம், கட்டணம் கட்டப் பணம் இல்லாமல் போகலாம். தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். எந்த நேரமானாலும் சீனியர் தோழர்களின் கதவைத் தட்டுங்கள். சீனியர்களே, நீங்களும் யார் வகுப்புக்கு வரவில்லை, யார் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கவனியுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். உதவித்தொகை இன்னும் வராதவர்கள் பெயரும் துறையும் எழுதுங்கள். திங்கட்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து அலுவலகத்துக்குப் போகிறோம். விண்ணப்ப நகலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.