ஆறு ஏறிப் போன அரசு



ஏரலில் பஸ் இறங்கிக் கொற்கைக்குப் போகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். பெரிய துறைமுகம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அங்கே இருப்பதோ வாழைத் தோட்டம், வயல், ஒரு குளம், மிக வயதான ஒரு வன்னி மரம். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. மண்ணைக் கிளறினால் சங்குத் துண்டு தட்டுப்படும். அப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

பாண்டியர் என்றால் மதுரை என்றே பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் கதையின் முதல் ஏடும் கடைசி ஏடும் நம் பொருநைப் படுகையில்தான் இருக்கின்றன. முதல் ஏடு கழிமுகத்தில். கடைசி ஏடு மலையடிவாரத்தில்.

1968-69இல் கொற்கையில் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல் வழிக் கையேடு ஒன்று இந்த ஊரைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகளை இறக்கித்தான் இங்கே முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. கொற்கை முத்து, கொற்கை முத்து என்று பெருமை பேசுகிறோமே, அதில் இப்படி ஒரு மூச்சுத் திணறலும் கலந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் விட்ட பிறகு பட்டத்துக்கு வருகிற வெற்றிவேற் செழியனும் கொற்கையில் இருந்தவன்தான்.

அந்தக் கொற்கையை எந்தப் பகைவனும் அழிக்கவில்லை. வயலுக்கு வண்டல் கொண்டுவந்த அதே ஆறு, துறைமுகத்தையும் வண்டலால் தூர்த்தது. கடல் விலக விலகக் கப்பல்கள் காயல் துறைமுகத்துக்குப் போயின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போகும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று எழுதுகிறார் அவர். கடலில் எடுத்த செல்வம் லாயத்தில் மடிந்தது! ஒரு பேரரசு தளரத் தொடங்குவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. அப்போது ஆண்ட குலசேகர பாண்டியன் 1310இல் இறந்தான். மகனே கொன்றான் என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபின் குறிப்பு. அவன் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். 1311இல் டெல்லி சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் வந்தான். அடுத்து மதுரை சுல்தான்கள், அவர்களுக்கு அடுத்து விஜயநகரம்.

மதுரை கைவிட்டுப் போனதும் பாண்டியர் எங்கே போனார்கள்? தெற்கே, நம் பக்கம் வந்தார்கள். சிற்றாற்றங்கரையில், தென்காசியில் தங்கினார்கள். பிறகு கப்பம் கட்டும் குறுநில மன்னர்களாகச் சுருங்கினார்கள். ஆனால் அந்தச் சுருக்கத்தில்தான் அதிவீரராமன் நைடதம் பாடினான். அவனுடைய வெற்றிவேற்கையைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உருப்போட்டார்கள். வரதுங்கராமனின் அந்தாதிகள் இன்றும் கரிவலம்வந்தநல்லூரை நினைக்க வைக்கின்றன. படை பெருத்திருந்த நாளில் அந்தக் குடும்பத்து அரசர்களுக்கு ஏடெடுத்து உட்கார இவ்வளவு நேரம் கிடைத்திருக்குமா என்று யோசிக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் ஓய்ந்துபோகிறது.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1446இல், தென்காசிக் கோயிலைத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். கோபுர வேலை முடிவதற்குள், 1463இல், அவன் ஆயுள் முடிந்துவிட்டது. தம்பி குலசேகரன் அதை முடித்தான். கோயிலில் ஒரு கல்வெட்டு: பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்து, அதை யார் சரிசெய்தாலும் அவர்கள் காலில் விழுந்து வணங்குவதாகப் பராக்கிரமன் சொல்கிறான். முடி சூடிய ஒருவன், இன்னும் பிறக்காதவர்களிடம் இப்படிக் கேட்டுக்கொள்கிறான்.

குறையும் வந்தது. கோபுரம் சிதைந்து, இரண்டாகப் பிளந்து, பல ஆண்டுகள் மொட்டையாக நின்றது. நம் தாத்தாக்கள் பார்த்தது அதைத்தான். 1990இல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. பாண்டியன் விழுந்து வணங்கியது யார் காலில் என்று கேட்டால், பணம் கொடுத்தவர் முதல் சாரம் கட்டிய கொத்தனார் வரை எல்லோரையும்தான் காட்ட வேண்டும்.