தக்காளி சட்டியில் இருக்கட்டும், மாத்திரை கடையில் இருக்கட்டும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமா இந்த நேரத்துல பயிருக்கு வர்ற நோயைப் பத்திப் பேசுவோம். இன்னிக்குப் பயிர் வைக்கிறவருக்கு வர்ற நோய் ஒண்ணைப் பத்திப் பேச வந்திருக்கேன். ஐம்பது வயசு தாண்டின ஆண்கள் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. தாய்மார்களும் எழுந்து போயிட வேண்டாம். வீட்டுக்காரர் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இது. முதல்ல உங்க கண்ணுலதான் படும்.

எங்க பெரியப்பா ஒரு சம்சாரி. அறுபத்து மூணு வயசு. ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போவார். கேட்டா, "வயசாச்சில்லப்பா" என்பார். அந்தச் சமயம் சந்தையில ஒருத்தர், "ஆம்பளைங்களுக்கு வர்ற புற்று அண்டாது, சீமையில கண்டுபிடிச்ச தக்காளிச் சத்து" என்று சொல்லி மாத்திரை விற்றார். பெரியப்பா அதை எட்டு மாசம் வாங்கிச் சாப்பிட்டார். இடுப்பு எலும்பு வலி தாங்காம ஆஸ்பத்திரிக்குப் போனப்போ, புற்று எலும்புக்குப் பரவியிருந்தது. வைத்தியத்தோட மூணு வருஷம் இருந்தார். மாத்திரை இருக்குதேங்கிற தைரியத்துல எட்டு மாசத்தை விட்டுட்டோமேங்கிறது இன்னிக்கும் எங்க வீட்டுல ஆறாத வருத்தம்.

அது என்ன சுரப்பி?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அதுக்குப் புராஸ்டேட் சுரப்பி என்று பெயர். விந்தோட சேர்ற நீரை அது சுரக்குது. சிறுநீர் வர்ற குழாய் இந்தச் சுரப்பிக்கு நடுவுலதான் போகுது. வயசானா சுரப்பி வீங்கும். வாய்க்கால் மடையில மண் சரிஞ்ச மாதிரி தண்ணிப் பாதை நெருங்கிப் போகும். பல பேருக்கு இது வெறும் வீக்கம்தான், புற்று இல்லை. சில பேருக்குப் புற்றாவும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது வீக்கம், எது புற்று என்று நாமே சொல்ல முடியாது.

துருவும் எண்ணெயும்

சரி, இதுக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மண்வெட்டியைக் கழுவாம ஈரத்தோட போட்டா துருப்பிடிக்குது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பைப் பிடிக்கிற வேலை அது. நம்ம உடம்பும் சாப்பாட்டை ஆக்சிஜனோட சேர்த்து எரிச்சுத்தான் சக்தி எடுக்குது. அப்போ சில பொறிகள் தெறிக்கும். அது உயிரணுவின் உள்ளே இருக்கிற மரபுப் பொருளைச் சேதப்படுத்தலாம். சேதம் சேரச் சேரப் புற்று உண்டாக வழி பிறக்கலாம்.

துருப்பிடிக்காம மண்வெட்டிக்கு எண்ணெய் தடவுறோம் இல்லையா? அந்த மாதிரிப் பொறியை அணைக்கிற சத்துகள் உணவுல இருக்கு. அதுக்கு ஆன்டி ஆக்சிடென்ட் என்று பெயர். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி, எண்ணெய் வித்துகளிலுள்ள வைட்டமின் ஈ, தக்காளியின் சிவப்பு நிறமான லைகோபீன், இதெல்லாம் அந்த வகை. செலினியம் என்கிற தாது, மண்ணிலிருந்து தானியத்துக்கு வந்து, உடம்பு தானே பொறியணைக்கிற வேலைக்குத் துணை நிற்குது.

கேக்க நல்லா இருக்கு. நல்லதுன்னா நிறையச் சாப்பிட்டா இன்னும் நல்லதுதானே? படிச்ச டாக்டர்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

முப்பத்தையாயிரம் பேர் சொன்ன சாட்சி

பின்லாந்து நாட்டுல புகைபிடிக்கிற ஆண்கள் 29,133 பேருக்கு வைட்டமின் ஈ மாத்திரையும், கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துச் சோதிச்சாங்க. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்று குறையலை, 18 சதவீதம் கூடியிருந்தது! ஆனா, வைட்டமின் ஈ சாப்பிட்டவங்களுக்குப் புராஸ்டேட் புற்று குறைஞ்சிருந்ததா 1998-ல் சொன்னாங்க. இதுக்கு நடுவுல 1996-ல் அமெரிக்காவுல இன்னொரு சோதனை, செலினியம் சாப்பிட்டவங்களுக்கும் இந்தப் புற்று குறைஞ்சதாச் சொன்னது. எல்லாருக்கும் நம்பிக்கை வந்துட்டுது.

ஆனா அந்த ரெண்டு சோதனையும் புராஸ்டேட்டுக்காகவே நடத்தினதில்லை. ஒரு வயலைப் பார்த்து ஊரெல்லாம் விதைக்க முடியுமா? அதனால 2001-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய சோதனை ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 35,533 ஆண்கள் சேர்ந்தாங்க. நாலு பிரிவு. ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ, தினம் 400 யூனிட். இன்னொண்ணுக்குச் செலினியம், 200 மைக்ரோகிராம். மூணாவதுக்கு ரெண்டும். நாலாவதுக்குச் சத்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

2008-ல் கணக்குப் பார்த்தாங்க. பலன் இல்லைன்னு தெரிஞ்சு மாத்திரையை நிறுத்திட்டாங்க. ஆனா ஆட்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 2011-ல் வந்த கணக்கைக் கேளுங்க. வெறும் மாத்திரை சாப்பிட்ட பிரிவுல 529 பேருக்குப் புராஸ்டேட் புற்று. வைட்டமின் ஈ பிரிவுல 620 பேருக்கு! அதாவது 17 சதவீதம் கூடுதல். காக்கும்னு கொடுத்தது, கூட்டிவிட்டது.

ஏன் இப்படி ஆச்சு?

இதை உங்களுக்கு விளக்குறது சுலபம். மண்ணுல துத்தநாகக் குறை இருந்தா நெல் இலை பழுப்பேறும். ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போட்டா பயிர் தெளியும். குறையே இல்லாத வயல்ல மூட்டை மூட்டையாக் கொட்டினா? காசு போகும், பயிரும் கெடும். போரான் சத்தைப் பாருங்க. குறைஞ்சாலும் கெடுதல், கொஞ்சம் கூடினாலும் இலை ஓரம் கருகும்.

செலினியமும் அப்படித்தான். பின்லாந்து மண்ணுல அது குறைவு. அதனால 1984-ல் இருந்து அந்த நாட்டு உரத்துலயே அதைக் கலக்குறாங்க. நம்ம பஞ்சாபுல ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் சில கிராமங்கள்ல அதே தாது மண்ணுல மிஞ்சிப்போய், மாடுகளுக்குக் குளம்பு கழண்டு விழுந்திருக்கு. அமெரிக்கச் சோதனைக் கணக்கை 2014-ல் திரும்பப் பிரிச்சுப் பார்த்தப்போ, உடம்புல ஏற்கனவே செலினியம் நிறைய இருந்தவங்க அதே மாத்திரையைச் சாப்பிட்டதுல, கடுமையான வகைப் புற்று கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆனது தெரிஞ்சது.

இன்னொரு விஷயம். கிருமியைக் கொல்ல நம்ம வெள்ளை அணுக்களே அந்தப் பொறியைத்தான் ஆயுதமாப் பயன்படுத்துது. எல்லாப் பொறியையும் அணைச்சுட்டா அடுப்பு எப்படி எரியும்?

அப்போ தக்காளி?

தக்காளியைக் கைவிட வேண்டாம். அமெரிக்காவுல சுகாதாரத் துறை ஆண்கள் சுமார் 47,000 பேரைக் கவனிச்சு 1995-ல் ஒரு கணக்கு வந்தது. வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல தக்காளிப் பண்டம் சாப்பிட்டவங்களுக்கு இந்தப் புற்று 35 சதவீதம் குறைவு. ஆனா தக்காளி நிறையச் சாப்பிடுறவர் மற்ற வகையிலும் உடம்பைப் பேணுறவராக இருக்கலாம். அதனால தக்காளிதான் காத்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சாப்பாட்டுல கெடுதல் இல்லை, நன்மை இருக்கலாம், அவ்வளவுதான்.

லைகோபீன் எண்ணெயில கரையுற சத்து. பச்சையாத் தின்னுறதைவிட, கொஞ்சம் எண்ணெயில வதக்கின தக்காளியிலிருந்து உடம்பு அதை நல்லா எடுத்துக்கும். நம்ம வீட்டுத் தொக்கும் குழம்பும் அந்த வேலையைச் செய்யுது. சிவப்புக் கொய்யா, தர்பூசணி, சிவந்த பப்பாளி இதுலயும் அது இருக்கு. விலை விழுந்து தக்காளியைக் களத்து ஓரத்துல கொட்டுற நாள்ல, வீட்டுக்கு ஒரு கூடை எடுத்து வையுங்க.

செய்ய வேண்டியது

ஒண்ணு: ராத்திரி அடிக்கடி எழுந்தா, சிறுநீர் சொட்டுச் சொட்டா வந்தா, தொடங்கத் தாமதமானா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்க. சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சா அன்னிக்கே போங்க. இடுப்பு, முதுகெலும்பு வலி விடாம இருந்தாலும் காட்டுங்க.

ரெண்டு: ஆரம்பத்துல இந்தப் புற்றுக்கு அறிகுறியே இல்லாமலும் இருக்கும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தா, உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அது கூடுதலா இருந்தாலே புற்றுன்னு பயப்படவும் வேண்டாம், வீக்கத்துலயும் கூடும்.

மூணு: டாக்டர் எழுதிக் கொடுக்காத சத்து மாத்திரையை வாங்காதீங்க. ஏற்கனவே சாப்பிட்டு வந்தா, மறைக்காம அவர்கிட்ட சொல்லுங்க. வைட்டமின் ஈ அளவு மிஞ்சினா ரத்தக்கசிவு உண்டாகலாம். பீடி பிடிக்கிறவங்க அதைத் தினம் ஒரு மாத்திரையால ஈடுகட்ட முடியாது. பீடியை விடுறதுதான் வழி.

பயிர் வாடினா வேரைப் பிடுங்கிப் பார்க்கிறோம். ஒரு மாசம் பொறுத்துப் பார்ப்போம்னு இருக்கிறதில்லை. நம்ம உடம்புக்கும் அந்த அவசரத்தைக் காட்டுவோம். வெட்கத்தை வாசல்ல விட்டுட்டு ஆஸ்பத்திரிப் படி ஏறுங்க.