கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிப்பது யார்?

(பெற்றோர், வணிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நாம் மேடை போடுகிறோம். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்குக் கேடயம், சால்வை, ரொக்கப் பரிசு. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளையோடு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்து, நடுவழியில் கடை வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளில் அதைவிடக் கெட்டிக்காரர் எத்தனை பேர்? யாராவது கணக்கெடுத்தோமா? அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

புளோரிடா மாநிலத்தில் புரோவர்டு என்றொரு மாவட்டம். அங்கே அறிவுத்திறன் மிகுந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பு வகுப்பு நடத்துகிறார்கள். சேர வேண்டுமானால் நுண்ணறிவுச் சோதனையில் குறிப்பிட்ட அளவு எடுக்க வேண்டும். சோதனை யாருக்கு? ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கொடுத்த பிள்ளைக்கு! காசுள்ள தகப்பனார் தனியார் உளவியலாளரிடம் அழைத்துப்போய்ச் சோதித்துக் கொண்டும் வரலாம். விளைவு என்ன? மாவட்டத்து மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள். சிறப்புத் தகுதி பெற்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிலோ அவர்கள் 28 சதவீதமே!

2005-ல் ஒரு மாற்றம் செய்தார்கள். இரண்டாம் வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சிறு சோதனை. எல்லாம் படங்களும் வடிவங்களும்தான். விடுபட்ட துண்டு எது, அடுத்து வருவது எது என்று காட்டினால் போதும். ஆங்கிலம் பேசாத வீட்டுப் பிள்ளைக்கும் அது கைகொடுக்கும். அதில் தேறியவர்களை முழுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

தகுதி அளவை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. அப்படியிருந்தும் ஏழைப் பிள்ளைகளிலும் ஆங்கிலம் பேசாத வீட்டுப் பிள்ளைகளிலும் தேர்வானோர் விகிதம் 180 சதவீதம் கூடியது. ஏறக்குறைய மூன்று மடங்கு! டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். கார்டு 2021-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. சட்டென்று கை தூக்கும் பிள்ளை, சுத்தமான சீருடை, அடிக்கடி வந்து விசாரிக்கும் பெற்றோர், இவைதான் யாருக்கும் கண்ணில் படும். கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறவன் ‘வால்’ என்று பெயர் வாங்குவான்! சோதனையும் தவறும். 1921-ல் டெர்மன் என்ற அறிஞர் கலிபோர்னியாவில் மேதைப் பிள்ளைகளைத் தேடினார். ஷாக்லி, அல்வாரெஸ் என்ற இரு சிறுவர்கள் அதில் தேறவில்லை. பின்னாளில் இருவருமே இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள்! ஆகவே ஒரு தடவை பார்த்ததோடு முடித்துவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. நியூயார்க் நகரில் நான்கு வயதுக் குழந்தைக்கு இப்படித் தேர்வு வைத்தார்கள். உடனே அதற்கும் டியூஷன் வியாபாரம் முளைத்தது. 2021-ல் அந்தத் தேர்வைக் கைவிட்டார்கள். நம்மூரில் சொன்னால் எல்.கே.ஜி.க்கே கோச்சிங் போர்டு மாட்டிவிடுவார்கள்!

புரோவர்டின் பின்கதையையும் வணிகச் சகோதரர்கள் கேட்க வேண்டும். பொருளாதார நெருக்கடியில் 2010-ல் செலவைக் குறைக்க அந்தப் பொதுச் சோதனையை நிறுத்தினார்கள். பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திரும்பி வந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். நம் அறக்கட்டளைகள் உதவித்தொகையை எப்படிக் கொடுக்கின்றன? நோட்டீஸ் போடுகிறோம், விண்ணப்பம் வாங்குகிறோம். நோட்டீஸைப் படிக்கத் தெரிந்த தகப்பன், நிர்வாகியைத் தெரிந்த தகப்பன் வருகிறார். தள்ளுவண்டிக்காரர் வருகிறாரா? கணவனை இழந்த தாய் வருகிறாரா? புரோவர்டில் 2005-க்கு முன்பு நடந்ததும் இதேதான்.

அடுத்த கல்வியாண்டில் இளைஞர்கள் நாலைந்து பேர் தலைமையாசிரியரின் அனுமதியோடு பக்கத்திலுள்ள தொடக்கப்பள்ளிக்குப் போங்கள். புதிர் அட்டைகள், வடிவக் கட்டைகள், கதைப் புத்தகங்கள்: ஒரு கல்யாணப் பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மூன்றாம் வகுப்புப் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள், எந்தச் சமூகத்துப் பிள்ளையாயினும் சரி. அன்று பள்ளிக்கு வராத பிள்ளை இருந்தால், மறுநாளும் போங்கள்.