கொச்சியின் நெரிசலும் சாலை அகலப்படுத்தலும்

மாநகரங்களில் போக்குவரத்து நெரிசல் மிகும்போதெல்லாம் எழும் முதற்குரல், சாலையை அகலப்படுத்துக என்பதே. இக்கோரிக்கை இயல்பானது, பல இடங்களில் நியாயமானதும் ஆகும். ஆயினும், அகலப்படுத்துவதால் நெரிசல் எவ்வளவு குறையும், எத்தனை ஆண்டுகளுக்கு அப்பயன் நிலைக்கும், அதற்கான விலையை யார் கொடுப்பார்கள் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே திட்டம் தீட்டுதல் முறையாகும். இவ்வினாக்களை ஆராய்வதற்குக் கொச்சி மாநகரமும், சிறப்பாக அதன் மேற்குப் பகுதியான மட்டாஞ்சேரியும் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

நீரால் பிரிந்த நகரம்

எறணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய மூன்று நகராட்சிகளையும் இணைத்து, 1967 நவம்பர் முதல் நாளன்று கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டது. நிர்வாகத்தில் ஒன்றான இந்நகரம் நிலத்தில் ஒன்றாக இல்லை. கிழக்கே எறணாகுளம் பெருநிலத்தில் உள்ளது. மேற்கே மட்டாஞ்சேரி கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்துள்ளது. இடையே உள்ள வில்லிங்டன் தீவு, 1920இல் பொறுப்பேற்ற பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில், துறைமுகத்திற்காகத் தூர்வாரி எடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கப்பட்டதாகும்.

மட்டாஞ்சேரியின் கடைத்தெரு நீரை நம்பியே வளர்ந்தது. மிளகு, இஞ்சி, ஏலம், அரிசி முதலியவற்றின் கிடங்குகள் ஒருபுறம் தெருவையும் மறுபுறம் காயலையும் நோக்கி நிற்கின்றன. சரக்கு வள்ளங்கள் பின்வாசலுக்கே வந்து சேர்ந்த காலத்தில், முன்வாசல் தெரு குறுகலாக இருந்ததில் இடர்ப்பாடு இல்லை. சரக்கு லாரிக்கு மாறிய பின்னரே அக்குறுகல் ஒரு குறையாயிற்று. தெரு சிறுத்துவிடவில்லை; அதன்மேல் ஏற்றிய சுமை பெருகிவிட்டது. அதனை அகலப்படுத்த முற்பட்டால், வணிகத்திற்கு ஆதாரமான கிடங்குகளையே இடிக்க நேரிடும்.

பாலங்கள் கற்பிக்கும் பாடம்

மட்டாஞ்சேரிப் பகுதியை வில்லிங்டன் தீவுடன் தோப்பும்படியில் இணைக்கும் பழைய துறைமுகப் பாலம் விடுதலைக்கு முன்னர் கட்டப்பட்டது. கலங்கள் கடந்து செல்வதற்காக அதன் நடுப்பகுதி உயர்த்தத்தக்கதாய் அமைக்கப்பட்டிருந்தது. போக்குவரத்து பெருகவே, அதனருகில் தனியார் முதலீட்டில் புதிய பாலம் ஒன்று எழுந்தது. அதில் 2014 வரை சுங்கம் வசூலிக்கப்பட்டது. பாலம் அகன்றது, ஆனால் அதன் இரு முனைகளிலும் உள்ள சந்திப்புகளும் தெருக்களும் முன்போலவே இருந்தன. இரு குறுகல்களுக்கு இடையே ஒரு பகுதியை மட்டும் அகலப்படுத்தினால், வண்டிகளின் வரிசை மறைவதில்லை. ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு நகர்கிறது.

வைப்பின் தீவை எறணாகுளத்துடன் இணைத்த கோஸ்ரீ பாலங்கள் 2004இல் திறக்கப்பட்டன. படகையே நம்பியிருந்த தீவு மக்களுக்கு அவை பெருநன்மை பயத்தன என்பதில் ஐயமில்லை. எனினும், வைப்பினிலிருந்து வரும் தனியார் பேருந்துகள் பல ஆண்டுகள் நகருக்குள் அனுமதிக்கப்படாமல், உயர்நீதிமன்றச் சந்திப்பிலேயே நின்றன. பயணிகள் அங்கு இறங்கி வேறு பேருந்து ஏற வேண்டியிருந்தது. பாலம் கட்டுவது பொறியியல். அப்பாலத்தின்மீது யார், எவ்வாறு செல்வது என்பது நிர்வாகம். இரண்டும் இணைந்தாலன்றி முழுப்பயன் கிட்டாது.

புறவழிச்சாலையின் அனுபவம்

இடப்பள்ளியிலிருந்து வைற்றிலா, குண்டனூர் வழியாக அரூர் செல்லும் புறவழிச்சாலை, நகரைத் தொடாது செல்லும் வண்டிகளுக்கென அமைந்தது. நாளடைவில் நகரமே அதன் இருமருங்கிலும் வளர்ந்தது. நெடுந்தொலைவு லாரியும் அருகிலுள்ள கடைக்குச் செல்லும் இருசக்கர வண்டியும் ஒரே சாலையில் போட்டியிடும் நிலை ஏற்பட்டது. இதனைத் தீர்க்கச் சந்திப்புதோறும் மேம்பாலங்கள் கட்டப்பட்டன. வைற்றிலா, குண்டனூர் மேம்பாலங்கள் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டன. 2016இல் திறக்கப்பட்ட பாலாரிவட்டம் மேம்பாலமோ விரிசல்கள் காரணமாக 2019இல் மூடப்பட்டு, மறுசீரமைப்புக்குப் பின் 2021 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. விரைவாகக் கட்டுவதைவிடத் தரமாகக் கட்டுவதே இறுதியில் காலத்தையும் பொதுப்பணத்தையும் மிச்சப்படுத்தும் என்பதற்கு இது சான்றாகும்.

அகன்ற சாலை ஏன் மீண்டும் நிறைகிறது?

சாலை அகன்றவுடன் பயணம் எளிதாகிறது. அதுவரை பேருந்தில் சென்றவர் சொந்த வண்டி வாங்குகிறார். வேறு நேரத்தில் சென்றவர் அலுவலக நேரத்திற்கு மாறுகிறார். நகருக்கு வெளியே புதிய குடியிருப்புகள் தோன்றுகின்றன. சில ஆண்டுகளில் புதிய தடங்களும் நிரம்பிவிடுகின்றன. அமெரிக்க நகரங்களின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்னும் பொருளியலாளர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் எவ்விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகளின் ஓட்டமும் கூடுகிறது என்று காட்டிற்று. ஹூஸ்டன் நகரின் கேட்டி விரைவுச்சாலை 2008இல் விரிவாக்கம் பெற்றது. பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் அதற்கு 26 தடங்கள் உள்ளன. இருப்பினும் 2011க்கும் 2014க்கும் இடையில் அலுவலக நேரப் பயணக் காலம் அங்கு மீண்டும் நீண்டது. மாறாக, தென்கொரியாவின் சியோல் நகரம் தன் நடுவே சென்ற உயர்மட்டச் சாலை ஒன்றை 2003இல் அகற்றத் தொடங்கி, பேருந்துச் சேவையையும் சீரமைத்து, சாலை மூடியிருந்த ஓடையை 2005இல் மக்களுக்கு மீட்டளித்தது.

ஆதலின் வண்டிகளை எண்ணாது மனிதர்களை எண்ணுதல் வேண்டும். தடையற்ற சாலையில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 கார்களைக் கடத்தும். காருக்கு ஒன்றரை ஆள் எனக் கொண்டால் 3,000 பேர். சந்திப்புகள் நிறைந்த நகரச் சாலையில் இது பாதியாகவும் குறையும். கொச்சி மெட்ரோவின் மூன்று பெட்டி ரயிலில் 975 பேர் வரை செல்லலாம். மணிக்கு எட்டு ரயில்கள் நிறைந்து ஓடினால் 7,800 பேர்.

நிலம் இழந்தோர்

மூன்றாம் வினா மிக முக்கியமானது. வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்திற்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களில் 316 குடும்பங்கள் வீடும் நிலமும் இழந்தன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன; அதே ஆண்டு மார்ச்சில் அரசு மறுவாழ்வுத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட மனைகளிற் பல சதுப்பு நிலமாக இருந்தமையால், ஆண்டுகள் பல கழிந்தும் பெரும்பாலோர் அங்கு வீடு கட்ட இயலவில்லை. முனையம் 2011இல் இயங்கத் தொடங்கியது. சரக்குப் பெட்டக லாரிகளுக்குத் தனிச்சாலையும் கிடைத்தது. நாட்டிற்குக் கிட்டிய அப்பயனின் விலையை ஒரு சிலரே சுமந்தனர். மறுவாழ்வு முடிந்த பின்னரே இடிப்பு என்னும் வரிசைமுறை கைக்கொள்ளப்பட்டிருப்பின், இத்துயரத்தைத் தவிர்த்திருக்கலாம். சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வாழ்வதாக 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு காட்டும் கேரளத்தில், 45 மீட்டர் அகல நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது எளிய செயலன்று.

நீர்வழியின் மறுபிறப்பு

இயற்கை அளித்த வழியைக் கொச்சி மீண்டும் நாடியிருப்பது நம்பிக்கையூட்டும் செய்தியாகும். கொச்சி நீர் மெட்ரோ 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் உருவாகும் இத்திட்டத்தில் 38 துறைகளும், 78 படகுகளும், ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீர்வழியும் அடங்கும். மின்கலத்தால் இயங்கும், நூறு பேர் ஏறத்தக்க படகுகளைக் கொச்சி கப்பல் கட்டும் தளமே கட்டுகிறது. ஃபோர்ட் கொச்சிக்கு 2024இலும், மட்டாஞ்சேரிக்கு 2025இலும் இச்சேவை வந்து சேர்ந்தது. இவ்வழிக்கு வீடுகளை இடிக்கும் தேவை மிகக் குறைவு. எனினும் படகு மட்டும் போதாது. வண்டல் சேராதபடி துறைகளைத் தூர்வாருதல், துறையில் இறங்குபவருக்கு உடனே பேருந்து கிடைக்கச் செய்தல், ஒரே பயணச்சீட்டில் படகு, பேருந்து, ரயில் மூன்றிலும் செல்லும் வசதி ஆகியவை இன்றியமையாதன.

செய்யத்தக்கவை

சாலை விரிவாக்கம் தேவையற்றது என்பது இவ்வுரையின் கருத்தன்று. நெடுந்தொலைவுச் சரக்குக்கும், பேருந்துக்கும், நோயாளர் ஊர்திக்கும் நல்ல சாலை வேண்டும். ஆனால் வரிசைமுறை வேண்டும். முதலில் சந்திப்புகளைச் சீராக்குதல். அடுத்துப் பேருந்தும் படகும் பெருகுதல். குறுகிய வணிகத் தெருக்களில் சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தை வரையறுத்தல். அதன் பின்னும் குறை எஞ்சும் இடத்தில் மட்டும் சாலையை அகலப்படுத்துதல். அகலப்படுத்திய தடத்தில் பேருந்துக்கு முதலிடம் தருதல்.

திட்டமிடும் அலுவலரும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவரும் வரைபடத்தில் ஒரு கோட்டைத் தடிப்பாக்குமுன், அக்கோட்டின் அடியில் எத்தனை வீடுகள் உள்ளன என எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாலையின் அகலத்தைவிட, அதனால் எத்தனை பேர் எளிதாகப் பணிக்குச் சென்று வீடு திரும்புகின்றனர் என்பதே வளர்ச்சியின் உண்மையான அளவுகோலாகும்.