முள்ளுக்கீரையை அறிவோம்
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எருக்குழி ஓரத்திலும் தோட்ட வரப்பிலும் நாம் விதையாமலே வளர்வது முள்ளுக்கீரை. வெப்பமண்டல அமெரிக்காவே இதன் தாயகம். தண்டு பெரும்பாலும் செந்நிறம். இலைக் கணுக்களில் இரண்டிரண்டு கூரிய முட்கள். இதன் இனத்ததாகிய குப்பைக்கீரைக்கு முள் இல்லை.

ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே செடியில் தனித்தனியே தோன்றுகின்றன. காற்றே மகரந்தத்தைச் சுமக்கிறது. ஓராண்டுக்குள் செடி மடியும்; ஆயின், அதற்குள் பல்லாயிரம் கரிய விதைகளை உதிர்த்துவிடும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவே. மண்ணில் புதைந்த விதைகளுட் சில, ஆண்டுகள் பல உறங்கிப் பின்னரும் முளைக்கும். மிளகாய்ப் பாத்தியில் நம் பெண்மக்கள் முதுகொடியக் களையெடுத்தும் களை ஓயாமைக்குக் காரணம் இதுவே.

செய்யவேண்டுவது எளிது. இளங்கீரையைக் கிள்ளிச் சமைப்போம். மற்றவற்றைப் பூக்குமுன் வேரோடு பறிப்போம். விதை முற்றிய செடியை எருக்குழியில் இடலாகாது; இட்டால், எருவோடு களையையும் நாமே வயலுக்குச் சுமந்தவராவோம். தழைச்சத்து மிகுந்த நிலத்தில் வளர்ந்த செடியை மாட்டுக்கு மிகுதியாகப் போடுதலும் தவறு. அதில் சேரும் நைட்ரேட் உயிருக்கே கேடு விளைவிக்கலாம்.

அடுத்த களையெடுப்பிலேயே இதனைத் தொடங்குவோமாக!